முத்திரை வரைபடத்திற்கா, வீட்டிற்கா?



இறைச்சிக் கடையில் தொங்கும் ஹலால் முத்திரையை நாம் எதற்காகப் பார்க்கிறோம்? அறுப்பை நேரில் கண்ட ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்ற நம்பிக்கைக்காகவே பார்க்கிறோம். "கடைக்காரர் தம் உணவுப் பட்டியலை அனுப்பினார், படித்துப் பார்த்து முத்திரை கொடுத்துவிட்டோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்தக் கடையில் நாம் ஒரு துண்டு இறைச்சியும் வாங்கமாட்டோம். சாட்சி சொல்பவர் கண்டவராக இருக்க வேண்டும் என்பது மதரஸாவில் ஓதும் சிறுவர்களுக்கும் தெரியும்.

அதே நாம், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொட்டி வீடு வாங்கும்போது, விளம்பரத் தாளில் "பசுமை இல்லம்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறோம். அந்தப் பெயரை யார் கொடுத்தார், எதைக் கண்டு கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்று கேட்பதில்லை. சொந்த மனையில் கட்டுவோர் நிலை இதனினும் கீழானது. அங்கே முத்திரையும் இல்லை, சோதனையும் இல்லை. எலிவேஷன் மட்டும் உண்டு.

ஒரு வீடு வெயிலைத் தாங்குமா என்பதைக் கட்டி முடித்தபின் அளந்து பார்த்தே சொல்ல முடியும். அளக்காமல் கொடுக்கப்படும் முத்திரைக்குப் பணம் தருவதும், எந்த அளவுக்கும் உட்படாத வீட்டைப் பணத்தை வாரியிறைத்துக் கட்டுவதும் வீண்விரயமே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். வுளூச் செய்யும்போது குழாயைத் திறந்துவிடாதே என்று பிள்ளையைக் கண்டிக்கும் சமுதாயம், நாற்பது ஆண்டுகள் மின்சாரத்தை உறிஞ்சப் போகும் ஒரு கூரையைக் கேள்வியின்றிப் போட்டுக்கொள்வது எவ்வகை நியாயம்?

கட்டுவது யாருக்காக?

நம் ஊர்களில் வீடு கட்டுபவர் பெரும்பாலும் அவ்வீட்டில் வாழ்பவர் அல்லர். துபாயிலோ ரியாத்திலோ சிங்கப்பூரிலோ உழைப்பவர் பணம் அனுப்புகிறார்; ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து முப்பது நாள் தங்குகிறார். வீட்டின் படத்தைக் கைப்பேசியில் பார்த்து, "முன்பக்கம் நன்றாக இருக்கிறது" என்று ஒப்புதல் தருகிறார். ஆண்டின் மற்ற நாள்களில் அந்தக் கூரையின் கீழ் இருப்பவர்கள் அவருடைய தாய், மனைவி, பிள்ளைகள். நண்பகலில் அவ்வீட்டில் அடுப்படியில் நிற்பவர் ஒரு பெண். மேல்மாடி அறையில் உறங்க முயல்வது ஒரு கைக்குழந்தை. நோயுற்று நாள் முழுதும் கட்டிலில் கிடப்பவர் ஒரு முதியவர். இம்மூவரில் ஒருவரிடமாவது வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்ட வீடு எத்தனை?

அதன் விளைவை ஒவ்வொரு தெருவிலும் காண்கிறோம். மேற்கு நோக்கிய முன்சுவரில் தரையிலிருந்து தளம் வரை கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தன்மீது விழும் வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அதை மறைக்க உட்புறத்தில் கனத்த திரை போடுகிறோம். திரை வெளிச்சத்தை மறைக்கும்; ஆனால் வெப்பம் அதற்கு முன்பே கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிட்டது. வெயிலைத் தடுக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே. திரைக்குப் பின்னர் ஏ.சி. வருகிறது; ஏ.சி.க்குப் பின்னர் மின்கட்டணம் வருகிறது. கட்டணத்தைக் கண்டதும், "ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டால் போதும்" என்று அந்தத் தாய்க்கே கட்டளையும் வருகிறது. காற்றோட்டமில்லாத வீட்டைக் கட்டிக்கொடுத்து, அதற்கு மருந்தாக ஒரு கருவியையும் வாங்கிக்கொடுத்து, அக்கருவியைப் பயன்படுத்தாதே என்றும் சொல்கிறோம். இதற்குப் பெயர் சிக்கனமா?

வெப்பம் எவ்வழி வருகிறது?

நம் நாட்டு வீட்டில் வெப்பம் நுழையும் தலைவாசல் கூரை. சுவரில் வெயில் சில மணிநேரம் படும். கூரையில் காலை முதல் மாலை வரை படும். கோடையில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியையும் எட்டுவதுண்டு. கான்கிரீட் அந்த வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொண்டு, சில மணிநேரம் தாமதித்துக் கீழே விடுகிறது. அதனால்தான் மேல்மாடி அறை லுஹர் நேரத்தைவிட மஃரிபுக்குப் பின் அதிகமாகக் கொதிக்கிறது. அவ்வேளையில் தளத்தின் அடிப்பரப்பு உடல் வெப்பத்தையும் தாண்டியிருக்கும். மின்விசிறி அந்தத் தளத்தை ஒட்டிய சூடான காற்றையே கீழே தள்ளுகிறது. தளமோ தானே ஓர் அடுப்பைப் போல் நம் உடல்மீது வெப்பத்தை வீசுகிறது. மாலை மக்தப் நடக்கும் மேல்மாடி வகுப்பறைகளில், மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் தாமாகவே கீழ்த்தளத் திண்ணைக்கு இறங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வெப்பவியல் தெரியாது, உடல் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இதைத் தடுக்கும் வழி புதிராக ஒன்றுமில்லை. தளத்தின் மேற்புறத்தில், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுடன் சேர்த்து, ஒன்றரை அல்லது இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகை பதித்து, அதன்மேல் சாந்தும் வெள்ளை ஓடும் இட்டால், கான்கிரீட்டுக்குள் வெப்பம் இறங்குவதே பெரிதும் குறைந்துவிடும். மேற்புறம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கீழே ஃபால்ஸ் சீலிங் அடிப்பதால் தளம் சூடாவது நிற்காது. சூடான தளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறோம், கூடவே அறையின் உயரத்தையும் குறைத்துக்கொள்கிறோம். மேலே பதிக்கும் பலகைக்குத் தளம் போடும் முன்னரே திட்டமிட வேண்டும். கைப்பிடிச் சுவரின் உயரம், மழைநீர் வடியும் சரிவு, மாடிப்படிக் கதவின் அடிமட்டம் ஆகிய மூன்றும் அதற்கேற்ப அமைய வேண்டும். பின்னர் நினைத்துக்கொண்டால் இரட்டைச் செலவு.

அடுத்தது சுவரும் சன்னலும். மேற்குச் சுவரே கொடியது. மாலை வெயில் தாழ்ந்து வருவதால் சன்னலுக்கு மேல் நீட்டும் ஒன்றரை அடி சன்ஷேடு அங்கே பயன்படாது. அப்பக்கம் மாடிப்படி, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை அமைக்கலாம், மரம் வளர்க்கலாம், செங்குத்துத் தடுப்போ துளைச்சுவரோ வைக்கலாம். இன்னொன்றும் நினைவிலிருக்க வேண்டும். தமிழகத்தில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடபுறமாகவே சாய்ந்திருக்கும். "வடக்கில் வெயில் வராது" என்று வடக்குச் சன்னலை மறைப்பின்றி விடுவது வேறு நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வீடு கட்டுவதாகும்.

விதி சொல்வதும், விதி விட்டுவிடுவதும்

இவற்றையெல்லாம் அளவுகளாக எழுதி வைத்த விதி நம் நாட்டிலேயே உண்டு. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002-இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் பணியகம், 2018-இல் குடியிருப்புகளுக்காக "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன் சாரத்தை எளிய தமிழில் சொல்கிறேன்.

ஒன்று, கூரை. உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது. நாம் வழக்கமாகப் போடும் வெறும் கான்கிரீட் தளம் இவ்வளவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை விடுகிறது. மேலே சொன்ன பலகையைப் பதித்தால் விதிக்குள் வசதியாக அடங்கிவிடும்.

இரண்டு, கூரை நீங்கலாகச் சுவர்களும் சன்னல்களும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம். குளிர் மண்டலம் தவிர்த்த பகுதிகளில் இதன் சராசரி ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. கண்ணாடி முகப்பு எலிவேஷன்கள் தடுமாறி விழுவது இவ்விடத்தில்தான்.

மூன்று, காற்று. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவு, வென்டிலேட்டர் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு, வீட்டின் உள்தளப் பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும். 1,200 சதுர அடி உள்தளம் என்றால் 200 சதுர அடி. "திறக்கக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று எல்லோரும் போடும் இரட்டைத் தட நெகிழ்சன்னலில் ஒரு பாதி எப்போதும் மூடியே இருக்கும். இருபது சதுர அடிச் சன்னலுக்குப் பணம் கொடுத்து, பத்துச் சதுர அடிக் காற்றை வாங்குகிறோம். நம் பாட்டனார் வீடுகளில் இரு கதவாகப் பிரிந்து முழுதும் திறக்கும் மரச்சன்னலும், அதன்மேல் சூடான காற்று வெளியேற வென்டிலேட்டரும் இருந்தன. அவர்கள் விதித்தொகுப்பைப் படித்தவர்கள் அல்லர்.

இவ்வளவு நல்ல விதி இருந்தும் நம் தெருவில் அதன் சுவடு ஏன் இல்லை? ஏனெனில் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேற்பட்ட மனைகளில் எழும் கட்டடங்களை நோக்கி எழுதப்பட்டது. அதிலும் மாநில அரசு ஏற்று அறிவித்தால்தான் கட்டாயமாகும். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் அதன் வரம்பிற்குள் வந்தவை பெரிய குடியிருப்புக் கட்டடங்களே. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டுக்கும் மேல். நம்மில் பெரும்பாலோர் மூன்று சென்ட்டிலும் ஐந்து சென்ட்டிலும் கட்டுகிறோம். ஆகவே, "அரசு கேட்கவில்லையே" என்று சொல்வோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அரசு கேட்டால்தான் செய்வோம் என்பது நம் பண்பா? யாரும் பார்க்காத இடத்திலும் அளவில் குறைவைக்காதே என்று வியாபாரிக்குப் போதிக்கும் மார்க்கம், சொந்தத் தாயின் தலைக்கு மேல் போடும் கூரைக்கு மட்டும் விலக்களித்ததா?

முத்திரைகளுக்குள்ளும் தரம் உண்டு

இனி முத்திரைக்கு வருவோம். இந்தியாவில் வீடுகளுக்குப் பசுமைச் சான்று தரும் அமைப்புகள் சில உள்ளன. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001-இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டடக் குழு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரிக்கிறது. டெரி நிறுவனம் உருவாக்கிய "கிருஹா" நட்சத்திரங்கள் தருகிறது. உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் நடத்தும் "எட்ஜ்" சான்று, மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள்கள் ஆகிய மூன்றிலும் குறைந்தது 20 சதவிகிதம் சிக்கனம் கேட்கிறது. எரிசக்தித் திறன் பணியகமும், ஏ.சி.க்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் தருவதுபோல, வீட்டிற்கே நட்சத்திர முத்திரைத் திட்டம் வைத்திருக்கிறது.

இவற்றில் எதையும் மோசடி என்று நான் சொல்லவில்லை. "சான்றிதழ் எல்லாமே ஏமாற்று" என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்பளிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை; அது எதையும் ஆராயாமல் இருக்க ஒரு சாக்கு. ஆனால் ஒரு வேறுபாட்டை வாங்குபவர் அறிய வேண்டும். கட்டுவதற்கு முன் வரைபடத்தைப் பார்த்துத் தருவது முன்சான்று. கட்டி முடித்தபின் சரிபார்த்துத் தருவது இறுதிச் சான்று. முன்சான்று ஒரு வாக்குறுதி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. முன்சான்றை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டு, வீட்டை விற்றுமுடித்து, இறுதிச் சான்றைப் பற்றி வாய் திறக்காத கட்டுமான நிறுவனம், நிக்காஹ் பேசி முடித்ததையே நிக்காஹ் நடந்ததாகச் சொல்கிறது. வரைபடத்தில் இருந்த வெப்பத்தடுப்புப் பலகை, செலவைக் குறைக்கும் கூட்டத்தில் காணாமல் போயிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

இவ்விடத்தில் பிறநாட்டார் ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல், வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளரின் முயற்சியில் நான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசை எழுந்தது. "பாசிவ்ஹவுஸ்" என்று இன்று உலகெங்கும் அறியப்படும் தரத்தின் முதல் வீடுகள் அவை. வெப்பமூட்டுவதற்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக்கூடாது என்பது அதன் முதன்மையான அளவுகோல்களுள் ஒன்று. அதைவிட முக்கியமானது அங்கே நடக்கும் சோதனை. கட்டிய வீட்டின் வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, ஒரு மணிநேரத்தில் வீட்டின் காற்றுக் கொள்ளளவில் எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். 0.6 மடங்குக்கு மேல் கசிந்தால் முத்திரை இல்லை. மேஸ்திரியின் நற்பெயரோ பொறியாளரின் பட்டமோ அங்கே செல்லாது. அமெரிக்காவில் வழங்கும் "ஹெர்ஸ்" மதிப்பெண்ணும் இவ்வாறே. 2006-ஆம் ஆண்டு விதிப்படி கட்டிய வீட்டை 100 என்று கொண்டு, அதனினும் குறைவாகச் செலவழிக்கும் வீட்டிற்குக் குறைந்த எண் தருகிறார்கள்; தனக்கு வேண்டியதைத் தானே ஈட்டிக்கொள்ளும் வீட்டிற்குப் பூஜ்யம். அதற்கும் சோதனையாளர் கருவிகளுடன் வீட்டிற்கு வந்து அளக்கிறார்.

இதைப் படித்துவிட்டு யாரும் கீழக்கரையில் ஜெர்மன் வீடு கட்டப் புறப்பட வேண்டாம். காற்றுப் புகாத வீடு குளிர்நாட்டின் தேவை. நமக்கோ ஆண்டின் பெரும்பகுதி கடற்காற்று உள்ளே வர வேண்டும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணை அன்று, பழக்கத்தை: கட்டியபின் அளப்பது, அளந்தபின் சாட்சி சொல்வது.

பர்தாவைக் காரணம் காட்டுவோருக்கு

நம்மிடையே எழும் ஒரு மறுப்பை நேராகச் சந்திக்க வேண்டும். "நம் வீட்டுப் பெண்கள் பர்தாவுடன் இருப்பவர்கள், சன்னலைத் திறந்து வைக்க முடியாது, ஆகவே சன்னல் பெரிதாக இருந்தென்ன, சிறிதாக இருந்தென்ன" என்கிறார்கள். பேணுதலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பேணுதலையும் காற்றையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கியது மார்க்கமன்று, நம் வரைபடம். தெருவைப் பார்த்தே எல்லாச் சன்னல்களையும் வைத்துவிட்டு, அவற்றை ஆயுள் முழுதும் மூடி வைக்கும்படி பெண்களைப் பணிக்கிறோம்.

முஸ்லிம் உலகம் இக்கேள்விக்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டது. கெய்ரோவின் பழைய வீடுகளில் மரக்கடைசல் பின்னலால் ஆன "மஷ்ரபிய்யா" சன்னல்கள் இருந்தன. உள்ளிருப்பவர் வெளியே காணலாம், வெளியிலிருப்பவர் உள்ளே காண இயலாது, காற்றோ தடையின்றி வரும். கூரைக்கு மேல் உயர்ந்து நின்று காற்றைப் பிடித்துக் கீழே அனுப்பும் "மல்கஃப்" இருந்தது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ (1900–1989) இம்மரபை மீட்டெடுத்து, 1940-களின் பிற்பகுதியில் லக்ஸர் அருகே புதிய குர்னா என்ற கிராமத்தை மண் செங்கல்லால் எழுப்பினார். அங்கே குடியேற வேண்டிய மக்களில் பலர் போக மறுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாழ்பவர் மனத்தை வெல்லாத வீடு, எவ்வளவு அறிவுடன் கட்டினாலும் முழுமை பெறாது.

நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளுக்குள் நுழைந்து பாருங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி நிழல் விழும் தாழ்வாரம். அறைகள் தெருவை நாடாமல் முற்றத்தை நோக்கித் திறக்கின்றன. பெண்கள் முகம் மறைக்காமல் அமர்ந்து காற்று வாங்கிய இடம் அது. அந்த முற்றத்தின்மேல் கான்கிரீட் போட்டு "ஹால்" ஆக்கியவர்கள் நாமே. ஐந்து சென்ட்டில் முற்றம் இயலாது என்போர், கண்மட்டத்துக்கு மேல் வென்டிலேட்டர், மொட்டைமாடிப் படிக்கட்டின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு, தெருப் பக்கத்தில் சுடுமண் துளைச்சுவர் ஆகியவற்றையேனும் கேட்டு வாங்கலாம். பேணுதல் குறையாது, மூச்சும் முட்டாது.

செலவைக் காரணம் காட்டுவோருக்கு

அடுத்த மறுப்பு பணம். "கூரைக்கு இவ்வளவு செலவழிக்க நம்மால் ஆகுமா?" என்று கேட்கிறார்கள். எந்த வீட்டில் இதைக் கேட்கிறார்கள்? படியெல்லாம் கிரானைட், வாசலெல்லாம் தேக்கு, முன்சுவரெல்லாம் இறக்குமதி ஓடு, ஒவ்வொரு அறைக்கும் ஃபால்ஸ் சீலிங்கும் வண்ண விளக்கும் பொருத்திய வீட்டில். பணம் இருந்தது, கூரையின் முறை வருவதற்குள் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் அதைத் தின்றுவிட்டன. உண்மையில் கையில் குறைவாக உள்ளவர் வெள்ளைச் சுண்ணாம்பையாவது தளத்தின்மேல் ஆண்டுதோறும் அடிக்கலாம். வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்ப அதைவிட மலிவான வழி இல்லை.

செலவின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவு எட்டு மணிநேரம் ஓடினால் ஏறக்குறைய 6 முதல் 10 யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் ஓர் அறைக்கே 360 முதல் 600 யூனிட். தமிழகத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது உண்மை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதும் உண்மை. கொதிக்கும் கூரையின் கீழ் அந்த ஏ.சி. ஓய்வின்றி ஓடும், காக்கப்பட்ட கூரையின் கீழ் விரைவில் அடங்கும், பல இரவுகளில் மின்விசிறியே போதும் என்றாகும். சாதாரண மின்விசிறி 70 வாட் அளவில் இழுக்கும் இடத்தில், புதிய பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவில் நின்றுவிடுகிறது. ஏ.சி.யை 24 டிகிரியில் வைப்பது நலம். 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் அந்த அளவில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது.

"சோலார் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்போரும் உண்டு. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ. 78,000 வரை மானியம் கிடைக்கிறது. தகுதியுள்ளோர் தாராளமாகப் பெறலாம். ஆனால் வரிசையை மாற்றக்கூடாது. ஓட்டைப் பானையில் நீர் நிற்கவில்லை என்று பெரிய குழாய் பொருத்துபவரை அறிவாளி என்போமா? முதலில் கூரை, பின் நிழல், பின் காற்று, பின் மின்விசிறி. அதன்பின் தேவைப்பட்டால் ஏ.சி., எல்லாவற்றிற்கும் மேல் சோலார். இவ்வரிசையில் செல்பவருக்குச் சிறிய ஏ.சி.யும் சிறிய சோலாரும் போதும். தலைகீழாகச் செல்பவர் ஒவ்வொன்றையும் பெரிதாக வாங்குவார்.

இனி நாம் கேட்க வேண்டியவை

அடுக்குமாடி வாங்குபவர் கட்டுமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும்: உங்கள் சான்று முன்சான்றா, இறுதிச் சான்றா? இறுதிச் சான்று வராவிட்டால் ஒப்பந்தத்தில் என்ன பரிகாரம்? மேல்தளத்தின் மீது என்ன வெப்பத்தடுப்பு, எத்தனை அங்குலம்? மேல்மாடி வீட்டை வாங்குபவருக்கு நீச்சல் குளம் உண்டா என்பதைவிட இக்கேள்வி பெரிது.

சொந்தமாகக் கட்டுபவர் பொறியாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்: கூரை 1.2 என்ற அளவுக்குள் வருகிறதா? திறக்கும் பரப்பு ஆறில் ஒரு பங்கு உண்டா? மேற்குச் சுவருக்கு வெளியே என்ன மறைப்பு? பலகை பதிக்கும் நாளில், தளம் கான்கிரீட் போடும் நாளில் நிற்பதுபோல, வீட்டார் ஒருவர் அருகில் நின்று காண வேண்டும். வேலை முடிந்தபின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியைக் கொண்டு, வெயில் நாளொன்றில் அஸ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் மேல்மாடித் தளத்தின் அடிப்பரப்பை அளந்து, அதே வேளையில் பழைய முறையில் கட்டிய பக்கத்து வீட்டுத் தளத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெர்மானியரின் விசிறிச் சோதனைக்கு இது ஈடாகாது; ஆனால் ஒன்றுமே அளக்காமல் சாவியை வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இறுதியாக ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் ஒரு சொல். விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் நீங்கள் கட்டிக்கொடுக்கும் வீடுகளுக்கு எந்தக் கூரை போடுகிறீர்கள்? தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் போட்டு, நிழற்படம் எடுத்து, சாவியைக் கொடுத்துத் திரும்பிவிடுகிறோம். ஏ.சி. வாங்க வழியே இல்லாத அந்தப் பெண், பங்குனி முதல் ஆவணி வரை அந்தத் தகட்டின் கீழ் தன் பிள்ளைகளுடன் வேக வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர் கெட்ட கூரைக்கு மின்கட்டணம் கொடுத்துத் தப்பித்துக்கொள்வார். இவருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே நல்ல கூரையை முதலில் பெற வேண்டியவர் அவரே. பொதுப்பணம் அமானிதம். பத்து வீடு கட்டும் பணத்தில் ஒன்பது கட்டினாலும் பரவாயில்லை. ஒன்பதும் வெயிலைத் தாங்கட்டும். எத்தனை வீடு கொடுத்தோம் என்று எண்ணும் ஆண்டறிக்கையில், சித்திரை மாத மாலையில் அவ்வீடுகளுக்குள் எத்தனை டிகிரி என்ற ஒரு வரியும் இடம்பெறட்டும். அந்த வரியை எழுத வேண்டுமென்றால் பொறுப்பாளர்களில் ஒருவர் அன்று மாலை அங்கே போய் அமர்ந்து அளந்திருக்க வேண்டும்.